காளத்தியிலிருந்து கடல்வரை: பொன்முகலியின் வழியே ஒரு நாட்டின் வரலாறு

காளஹஸ்திக்கு வருவோரில் பலர் ராகு கேது பூசையை முடித்துக்கொண்டு ஓரிரு மணி நேரத்தில் திருப்பதிக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுகின்றனர். கோயிலைத் தொட்டு ஓடும் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. அந்த ஆறு எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்போர் அரியர். ஆற்றோடு நடந்து பார்த்தால்தான் காளத்தி என்பது மலையடியில் தனித்து நிற்கும் தலம் மட்டுமன்று, ஒரு கடலோர நாட்டின் தலைவாயில் என்பது விளங்கும்.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு திருப்பதி மாவட்டத்தை உருவாக்கியபோது, சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் ஒன்றாக்கப்பட்டன. அதனால் காளஹஸ்தியும் சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. நிர்வாக வசதிக்காகப் போடப்பட்ட கோடு அது. ஆயினும் பல நூற்றாண்டுகளாக வணிகரும் அடியாரும் உப்புப் பொதிகளும் சாயவேர்க் கட்டுகளும் நடந்த தடங்கள் அந்தக் கோட்டுக்குள்தான் கிடக்கின்றன.

ஆற்றின் தமிழ்ப் பெயர் பொன்முகலி. இன்றைய வழக்கில் சுவர்ணமுகி. சந்திரகிரியை ஒட்டிய மலைகளில் தோன்றி, திருப்பதியின் தெற்கே வந்து, காளத்தியைத் தொட்டு, நாயுடுப்பேட்டை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஆறு அது. ஐப்பசி, கார்த்திகையில் கரை புரளும். சித்திரையில் வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும்.

காளத்திக்கு மேற்கே, ஆற்றங்கரை நாட்டில் குடிமல்லம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம் இந்தியச் சிற்ப வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அந்தக் கல்லின் முன்புறத்தில் ஓர் ஆண் உருவம் குள்ளன் ஒருவன் தோள்மேல் நிற்கிறது. ஒரு கையில் பின்னங்கால்களைப் பற்றித் தொங்கவிட்ட ஆடு, மறு கையில் சிறு கலயம், தோளில் மழு. பார்ப்பவருக்கு வேட்டையாடி வீடு திரும்பும் ஒருவனின் நினைவே முதலில் வரும். கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; பொ.ஆ.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைப் பலர் கூறுவர். இக்கோயிலின் கல்வெட்டுகள் ஊரைத் திருவிப்பிரம்பேடு என்று குறிக்கின்றன. பேடு என்று முடியும் ஊர்ப்பெயர்களைத் தொண்டை மண்டலம் முழுதும் காணலாம்.

வேட்டுவச் சாயலுள்ள இந்தச் சிவ உருவம் நிற்கும் ஆற்றின் கரையிலேதான், பல நூற்றாண்டுகளுக்குப் பின், வேட்டுவர் ஒருவரின் கதை தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் உச்சத்தைத் தொட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கூறச் சான்றில்லை. ஆனால் இந்த நிலத்தில் வேட்டையும் வழிபாடும் ஒன்றுக்கொன்று அயலாக இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

கண்ணப்பர் கதை எல்லோரும் அறிந்தது. கண்ணை இடந்து அப்பிய இறுதிக் காட்சியே நினைவில் தங்கிவிடுவதால், அதற்கு முந்தைய நாட்களின் சமையல் மறக்கப்படுகிறது. சேக்கிழார் அதை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்! காடன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்குகிறான். திண்ணனார் பன்றி இறைச்சியைப் பகுத்து, அம்பில் கோத்துத் தீயில் வாட்டி, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லனவற்றைத் தேக்கிலைக் கல்லையில் சேர்க்கிறார். பொன்முகலி நீரை வாயில் முகந்துகொள்கிறார். பூவைத் தலைமயிரில் செருகிக்கொள்கிறார். பின்னொரு நாள் இறைச்சியோடு தேனையும் பிழிந்து கலக்கிறார். மலைநாட்டு வேட்டுவர் எதை, எப்படிச் சமைத்தனர், எதில் பரிமாறினர் என்பதற்கு 12ஆம் நூற்றாண்டுத் தமிழ் தந்த ஆவணம் இது. நக்கீரர், கல்லாடர் ஆகிய இருவர் பெயராலும் திருக்கண்ணப்பதேவர் திருமறம் என்ற நூல்கள் பதினோராம் திருமுறையில் இருப்பதால், சேக்கிழாருக்கு முன்பே இக்கதை பரவியிருந்தமை புலனாகிறது.

பெரிய புராணம் இன்னொரு செய்தியையும் தருகிறது. அப்பர் ஒற்றியூரைத் தொழுது, பாசூர், ஆலங்காடு வழியாகக் காளத்தி சேர்கிறார். சம்பந்தர் காளத்தியிலிருந்து புறப்பட்டு ஒற்றியூரை அடைகிறார். சுந்தரரும் காளத்தியைப் பணிந்தபின் ஒற்றியூருக்கு வந்து சங்கிலியாரைக் காண்கிறார். மூவரின் பயணத்திலும் மலையடித் தலமான காளத்தியும் கடற்கரைத் தலமான ஒற்றியூரும் ஒரே வழியின் இரு முனைகளாக அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அடியார் நடந்த வழி பெரும்பாலும் வணிகர் நடந்த வழியே. மேலும், சம்பந்தர் வடநாட்டுத் தலங்களைக் காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்கிறார் சேக்கிழார். தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையாகக் காளத்தி எண்ணப்பட்டதையே அது காட்டுகிறது. அதே காளத்தியைத் தெலுங்கில் பாடிய தூர்ஜடி, கிருஷ்ணதேவராயர் காலத்தில் மாகாத்மியமும் சதகமும் இயற்றினார். இரு மொழிகளும் தத்தம் பக்தியின் உச்சத்தில் இந்த ஊரைத் தொட்டிருக்கின்றன.

காளத்திக்கு அண்மையில் தொண்டமநாடு என்ற ஊர் உள்ளது. பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழர் ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் ஆதித்தன் இங்கேதான் இறந்தான். தொண்டைமான் ஆற்றூர் துஞ்சியவன் என்று சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிக்கும். அவன் மகன் முதலாம் பராந்தகன் தந்தையின் நினைவாக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் கல்வெட்டில் பெயர் பெற்றது. சோழப் பேரரசுக்கு அடித்தளமிட்ட மன்னனின் நினைவிடம் காவிரிக் கரையில் இல்லை, பொன்முகலி நாட்டில் இருக்கிறது என்பதை இன்று தஞ்சைக்குச் சுற்றுலா செல்வோரில் எத்தனை பேர் அறிவர்?

இனித் துணிக்கு வரலாம். காளத்தியின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது கலம்காரி. கலம் என்பது பாரசீகச் சொல். எழுதுகோல் என்று பொருள். விரதப்பணி என்ற பெயரும் தெலுங்கில் வழங்கியது. மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மரஅச்சு முதன்மை பெறும். காளத்தியில் கோலே எல்லாம். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி இழையோ மயிரோ சுற்றிய கோல் அது. கோயில் திரைகள், தேர்ச்சீலைகள், இராமாயண பாரதக் கதைகளைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் பெருந்துணிகள் ஆகியன இங்கே எழுதப்பட்டன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் தெலுங்கில் விளக்கம் இருக்கும்.

இதன் தொழில்முறையைப் பார்த்தால் சமையலறை நினைவுக்கு வரும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவை வரைவர். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் பல நாள் புளிக்கவைத்து இறுத்தால் கறுப்பு எழுதும் நீர் கிடைக்கும். கடுக்காய் ஊறிய துணியில் அது பட்டவுடன் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவி, வேர்ச்சாயத்தில் காய்ச்சுவர். மஞ்சளும் நீலமும் பின்னர் வரும். ஒவ்வொரு படிக்கும் இடையில் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயமும் படிகாரமும் வேண்டாத இடத்தில் ஒட்டி, கறை படியும். ஆகவே காளத்தியின் கலம்காரிக்கு ஆறு என்பது ஊரின் அழகுக்காக உள்ள காட்சியன்று, தொழிற்கருவி. கோலைப் போல, கடுக்காயைப் போல, அதுவும் ஒன்று.

சிவப்புக்கான வேர் எங்கிருந்து வந்தது? இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் அழைக்கப்படும் சிறு செடி கடலோர மணற்பாங்கான நிலத்தில் நன்கு வளரும். சோழமண்டலக் கடற்கரையிலும் மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளிலும் அது தோண்டி எடுக்கப்பட்டது. இலங்கையில் டச்சுக்காரர் அதைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தனர். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் யானாதியர் காட்டுப் பொருள்களோடு சாயவேரையும் சேகரித்ததை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறும். துணியின் கதை மலையடியில் எழுதப்பட்டது. அதன் சிவப்பு கடற்கரை மணலில் விளைந்தது. 1868இல் ஜெர்மனியில் அலிசரின் என்ற செயற்கைச் சிவப்பு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சாயவேரின் சந்தை சரிந்தது. அதைத் தோண்டிப் பிழைத்தவர்களின் வருவாயும் உடன் சரிந்தது. நலிந்துபோன கலம்காரியை 1950களின் இறுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சி மீட்டது. காளத்தியில் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. புவிசார் குறியீடும் இத்தொழிலுக்குக் கிடைத்துள்ளது.

எழுதிய துணியும் வண்ணத்துணியும்தான் ஐரோப்பியரை இக்கடற்கரைக்கு இழுத்தன. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். ஆங்கிலேயர் 1626 வாக்கில் பழவேற்காட்டுக்கு வடக்கே துர்கராஜபட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரால் அவ்விடம் ஆர்மகான் என்று வழங்கியது. ஆனால் அங்கே வணிகம் செழிக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடினார். மதராசபட்டினத்தில் துணி மற்ற இடங்களைவிட 20 விழுக்காடு மலிவு என்று மேலிடத்துக்குச் செய்தி போனது. 1639இல் அவருக்கு அந்த இடத்தை வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். பூந்தமல்லியிலிருந்து கடலோரப் பகுதியைக் கவனித்தவர் அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர். அவர்களின் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால் சென்னப்பட்டினம் எழுந்தது. பிற்காலக் காளத்தி ஜமீன்தார்கள் இந்தத் தாமர்லக் குடியினரே.

இக்குடியைச் சேர்ந்த அங்கபூபாலர் எழுதிய உஷாபரிணயம் என்ற தெலுங்குக் காவியம் இன்னொரு காரணத்தையும் சொல்கிறது. பிரளயகாவேரி எனப்பட்ட பழவேற்காட்டாருக்கும் மயிலாப்பூராருக்கும், அதாவது டச்சுக்காரருக்கும் சாந்தோம் போர்த்துக்கீசியருக்கும், ஓயாது நடந்த சண்டையைத் தணிக்க இரண்டுக்கும் நடுவே அய்யப்பர் ஓர் ஊரை எழுப்பினாராம். காவியப் புகழ்ச்சி அதில் இருக்கலாம். ஆனாலும் ஆங்கிலேய ஆவணங்கள் டேயின் முயற்சியாக மட்டும் காட்டும் ஒரு நிகழ்வை, உள்நாட்டுத் தலைவர்கள் தங்கள் அரசியல் கணக்காக நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆண்டுதோறும் ஆகஸ்டு 22 அன்று சென்னை நாள் கொண்டாடப்படும்போது டேயின் பெயர் ஒலிக்கும் அளவுக்குக் காளத்தியின் பெயர் ஒலிப்பதில்லை.

துணி கடலுக்குப் போன வழியில், கடலிலிருந்து உப்பும் கருவாடும் மேற்கே ஏறின. சங்க இலக்கியம் காட்டும் உமணரின் தொழிலைப் பிற்காலத்தில் இப்பகுதியில் செய்தவர்களுள் எருகுலர் எனவும் குறவர் எனவும் அழைக்கப்பட்ட நாடோடி வணிகர் முக்கியமானவர். கடலோர உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று, தானியம் பெற்றுத் திரும்புவது அவர்கள் பிழைப்பு. உப்பின் மீது அரசு பிடியை இறுக்கியபோதும் இரயில் வந்தபோதும் அது உடைந்தது. வழியிழந்த அந்த மக்களையே பின்னர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தது பிரித்தானிய அரசு. ஒரு வாணிபத்தைக் கெடுத்துவிட்டு, அதைச் செய்தவர்களைக் குற்றவாளிகளாக்கிய வரலாறு அது. இப்பகுதியின் பாரம்பரியம் என்று கோயில்களை மட்டும் எண்ணும்போது இவர்கள் விடுபட்டுப் போகின்றனர்.

மாட்டுப்பொதிகளின் இடத்தை ஓரளவு பக்கிங்காம் கால்வாய் பிடித்துக்கொண்டது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய் படிப்படியாக நீண்டது. 1877–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகவும் வெட்டப்பட்டது. பழவேற்காட்டு ஏரியின் ஊடாகவே அது செல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு படகேறிச் சென்னையின் அடுப்புகளை எரித்தது. அந்தத் தீவை 1969இல் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். அங்கே வாழ்ந்த யானாதியர் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. இன்று ஏவுகணை எழும்போது உலகமே பார்க்கும் நிலம், வேரும் தேனும் விறகும் சேகரித்தவர்களின் நிலமாக இருந்தது.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் தர, முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் புக, இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்து ஏரியின் உயிர்கள் மாறும். மழைக்குப் பின் நீர் ஆழம் குறைந்த இடங்களில் பூநாரைகள் நிற்கும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியை ஊடறுத்துச் செல்வதால் அவற்றை வழியிலேயே காணலாம். அருகிலுள்ள நேலப்பட்டு 1976 முதல் பறவைகள் காப்பகம். ஏரிநீரில் கால் நனைத்து நிற்கும் செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் உடனிருக்கின்றன.

ஏரி மீனவரிடையே, குறிப்பாகத் தென்பகுதியில், பாடு என்ற முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு அது. மீன் எல்லோருக்கும் கிட்ட வேண்டும், ஏரியும் ஒரேயடியாக வெறுமையாகிவிடக் கூடாது என்ற இரு கவலைகளையும் அது ஒருங்கே தீர்த்தது. 1990களில் கடலோரம் முழுதும் இறால் பண்ணைகள் பெருகின. 1996 டிசம்பர் 11 அன்று ஜகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள், மரபுவழி முறைகள் நீங்கலாக, இறால் பண்ணைகள் கூடாது என்றது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் நுட்பமான சமநிலை சட்டத்தின் சொற்களுக்குள் வந்த தருணம் அது. ஆயினும் முகத்துவாரம் மணலால் அடைபடும் துயரம் இன்றும் தொடர்கிறது.

இவ்வளவும் ஒருசேரத் தெரியும் இடம் உணவுத் தட்டு. காளத்தியின் மேற்கே கேழ்வரகுக் களி. தெலுங்கில் ராகி சங்கட்டி. நிலக்கடலைத் துவையலோ நாட்டுக்கோழிக் குழம்போ உடன் வரும். மானாவாரி நிலத்தின் உணவு அது. கிழக்கே இறங்க இறங்க நெல் வயல்கள் விரியும். நெல்லூர்ப் பகுதியின் மொலகொலுகுலு அரிசி ஒருகாலத்தில் பெயர் பெற்றது. கடலோரத்தில் மீன் புளுசு. புளியோடு மாங்காய்த் துண்டும் சேர்ந்து கொதிக்கும் அக்குழம்பை மாலையில் வைத்து மறுநாள் உண்பதே முறை. இரவெல்லாம் மீனில் புளிப்பு ஊறியிருக்கும். ஏரிக்கரை ஊர்களில் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும். மேற்கின் களியும் கிழக்கின் மீனும் ஒரே வீட்டில் சேர்வதற்கு நடுவே ஓர் உப்புப் பொதியும், அதைச் சுமந்த ஒரு மனிதனும் இருந்தனர்.

1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளத்தியின் இராசகோபுரம் 2010 மே 26 இரவு இடிந்து விழுந்தது. செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் கண்ணீர் விட்டனர், 2017இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரு சமூகம் தான் மதிக்கும் ஒன்று அழிந்தபோது திரும்பக் கட்டிக்கொண்டது. நல்லதே. ஆனால் ஆறு இடிந்து விழுவதில்லை. மணல் குறைந்து, கழிவு சேர்ந்து, ஓட்டம் நின்று, ஓசையின்றிப் போகிறது. 2021 நவம்பரில் வந்த வெள்ளம்போல் எப்போதாவது சீறி எழுந்தால்தான் அப்படியொரு ஆறு இருப்பதே ஊருக்கு நினைவு வருகிறது. ஓடும் நீர் கிடைக்காத மாதங்களில் துணி அலச வழியின்றிக் கலம்காரிக் கலைஞர் கிணற்றையும் தொட்டியையும் நாடுகின்றனர். புவிசார் குறியீடு துணிக்கு உண்டு. அந்தத் துணிக்கு நிறம் தந்த நீருக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

காளத்திக்குப் போகிறவர்கள் தரிசனத்துக்குப் பின் இன்னும் ஒரு நாள் தங்கலாம். காலையில் குடிமல்லம், நண்பகலில் தொண்டமநாடு, பிற்பகலில் கலம்காரி எழுதும் ஏதேனும் ஒரு வீட்டின் திண்ணை. மறுநாள் கிழக்கே நேலப்பட்டும் ஏரியும். நடுவில் ஒருமுறை ஆற்றில் இறங்கிப் பார்க்கலாம். திண்ணனார் வாய்நிறைய முகந்த நீர் அது. சித்திரை மாதத்தில் போனால், அவ்வளவு நீராவது அங்கே இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.